மேடைக்கு வைத்த தண்ணீர்

திருப்போரூர்
18.6.2006

அன்பு மகள் காயத்ரிக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் மஸ்கட் வெயிலில் வாடாமல் சௌக்கியமாக இருக்கவேண்டும் என்று கந்தசாமியைக் கும்பிட்டுவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். இங்கே நாங்கள் சுகம், அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் வருவதும் போவதுமாக இருக்கிறது. உன் தம்பி அருணகிரிக்கு உடம்பில் ஒரு குறையும் இல்லை, வேலையில்தான் குறை. ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னாய், பெரிய மாமா மனசு சங்கடப்பட்டிருக்கிறார், தம்பியை ஒரு மன்னிப்பு கேட்கச் சொல்லுங்கள், எனக்கு இங்கே மாப்பிள்ளை முகத்தைப் பார்க்க முடியவில்லை என்று. நான் வாயைத் திறப்பதற்குள் லைன் போய்விட்டது. போனதும் நல்லதுதான், என்ன பேசியிருப்பேனோ. மாப்பிள்ளையின் பெரியப்பா தணிகாசலம் சொன்ன கதைதான் உனக்கு வந்திருக்கிறது. நான் அங்கேயே உட்கார்ந்திருந்தவன், பார்த்ததைச் சொல்கிறேன், அப்புறம் நீயே முடிவு செய்.

அவருடைய ட்ரஸ்டில் நாலு ஆம்புலன்ஸ் ஓடுவதும், உன் கல்யாணத்துக்கு அப்புறம் அந்தச் சம்பந்தத்தில்தான் அருணாவுக்கு அதில் நோயாளியோடு போகிற உதவியாள் வேலை கிடைத்ததும் உனக்குத் தெரியும். போன வாரம் அந்த ஆட்களுக்கெல்லாம் தொழில் மேம்பாட்டுப் பயிற்சி என்று மகாபலிபுரத்தில் கடலோரமாக ஒரு ரிசார்ட்டில் மூன்று நாள் முகாம் போட்டார்கள். பேனரில் லாரி டயர் அளவுக்குத் தணிகாசலத்தின் முகம், மூலையில் எறும்பு சைஸில் ஒரு ஆம்புலன்ஸ். மெட்ராஸிலிருந்து டை கட்டிய ஒருவரைப் பயிற்சி கொடுக்கக் கூட்டிவந்தார்கள், கடல் காற்றில் அந்த டை அவர் மூஞ்சியிலேயே அடித்துக்கொண்டிருந்தது, அதைப் பிடிக்கவே அவருக்கு ஒரு கை போதவில்லை. படூர், கேளம்பாக்கம் பக்கத்து டிரைவர்களுக்கு இங்கிலீஷில் படம் போட்டு விளக்கம். ஒரு நாள் முழுக்கத் தலைமைப் பண்பு, பலூன் ஊதி உடைக்கிற விளையாட்டு, கை தட்டுகிற விளையாட்டு. நெஞ்சை அமுக்கிப் பழக ஒரு பொம்மை வாடகைக்கு வந்திருந்தது, திருப்பிக் கொடுக்கவேண்டிய பொருள் என்று பிளாஸ்டிக் கவரைப் பிரிக்காமலே அமுக்கச் சொன்னார்களாம். அருணா வந்து சொன்னபோது நானும் அம்மாவும் சிரித்தே விட்டோம். அவன் சிரிக்கவில்லை, கவர் வழுக்குதுப்பா, கையே நிக்கல என்றான்.

கடைசி நாள் விழாவுக்கு, நூறு பேருக்குப் பயிற்சி என்று பேனரில் போட்டுவிட்டார்கள், ட்ரஸ்டில் இருப்பதே இருபது பேர். அதனால் ஊழியர் வீட்டு ஆட்களையெல்லாம் வேன் வைத்துக் கூட்டிப்போய் ஆளுக்கொரு சிவப்புத் தொப்பி மாட்டி நாற்காலியில் உட்காரவைத்தார்கள். ஆயுசெல்லாம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்த எனக்குக் காலி சீட்டை நிரப்புகிற வேலை புதிதில்லை, நானும் போய் உட்கார்ந்தேன். வெளியே நாலு ஆம்புலன்ஸுக்கும் வாழைமரம் கட்டி, மாலை போட்டு, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, தலைமை விருந்தினர் வந்து கற்பூரம் ஏற்றும்வரை ஒருத்தரும் நகர்த்தக்கூடாது என்று உத்தரவு. அவரும் தாமதமாக வந்து தன் காரை அந்த வண்டிகளுக்கு முன்னாலேயே நிறுத்திவிட்டு, கற்பூரத்தை அப்புறம் பார்க்கலாம் என்று மேடை ஏறிவிட்டார். ஊருக்கு உயிர் போகிற அவசரம் என்றால் ஓடவேண்டிய வண்டிகள் மாப்பிள்ளை அழைப்புக்கு நிற்கிற மாதிரி நின்றன.

பொன்னாடை போர்த்துவது நடந்துகொண்டிருக்கும்போது பின்பக்கம் ஒரு அலறல். சமையல் பந்தலில் செல்லம்மா என்று ஒரு அம்மாள் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தாள், மணலில் அடுப்பின் கால் இறங்கி எண்ணெய்ச் சட்டி அவள் தொடையிலும் காலிலும் கவிழ்ந்துவிட்டது. டை கட்டியவர் மைக்கைப் பிடித்து, யாரும் பதட்டப்படாதீர்கள், குழுவாகப் பிரியுங்கள், முதலில் கட்டுப்பாட்டு அறைக்குத் தகவல் சொல்லுங்கள் என்றார். யாரோ போன் போட்டான். கட்டுப்பாட்டு அறை என்பது மேனேஜர் சட்டைப்பையில் இருக்கிற செல்போன், அது மேடையிலேயே அடித்தது. மூன்று நாள் பயிற்சி எடுத்த ஒரு மகாராஜன் பாத்ரூமுக்கு ஓடி டூத்பேஸ்ட் கொண்டுவந்தான், புண்ணில் தடவ. இன்னொருத்தன் இட்லி மாவு கேட்டான். பொன்னாடைத் தட்டோடு மேடையில் நின்றிருந்த உன் தம்பி தட்டைக் கீழே வைத்துவிட்டு, மேடைக்காரர்களுக்கு என்று வைத்திருந்த தண்ணீர் கேன்களைத் தூக்கிக்கொண்டு ஓடினான். டேய், அது ஐயாவுக்கு வெச்ச தண்ணிடா என்று மேனேஜர் கத்தினார். இவன் காதில் போட்டுக்கொள்ளாமல் ஒவ்வொரு கேனாக அவள் காலில் ஊற்றினான், தீர்ந்ததும் தோட்டத்துக் குழாயை இழுத்துவந்து பிடித்தான். வெகுநேரம் அப்படியே பிடித்திருந்தான். அப்புறம் அவளை வண்டியில் ஏற்றி வாழைமரத்தைப் பிடுங்கி எறிந்தான். கற்பூரம் ஏத்தலியே என்று தயங்கின டிரைவரை ஒரு அதட்டல் அதட்டினான், வண்டி விருந்தினர் காரின் கதவை உரசிக்கொண்டு செங்கல்பட்டுக்குக் கிளம்பியது. தோல் உரியும், கால் தப்பித்தது, தண்ணீர் ஊற்றினது நல்லது என்று பெரியாஸ்பத்திரி டாக்டர் சொன்னாராம். இங்கே விழா நிற்கவில்லை. சாப்பாட்டில் அப்பளம் இல்லை என்று என் பக்கத்து இலைக்காரர் குறைப்பட்டதையும் நான் கேட்டேன்.

உன் பெரிய மாமனாருக்கு வந்த சங்கடம் இதுதான். விருந்தினரை அவமானப்படுத்திவிட்டான், எல்லார் முன்னாலும் மன்னிப்பு கேட்கட்டும், அதுவரை சான்றிதழும் கிடையாது, வண்டியில் ஏறவும் கூடாது என்று ஷெட்டில் வண்டி கழுவ விட்டிருக்கிறார். எதற்கு மன்னிப்பு, அந்த அம்மாள் காலை எண்ணெயிலேயே விட்டுவைக்காததற்கா? கேட்கக்கூடாது என்று அருணாவிடம் நான் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். உனக்கு அங்கே தர்மசங்கடம் என்று எனக்குத் தெரியும் கண்ணு, அதற்காக இவனைத் தலைகுனியச் சொல்ல எனக்கு வாய் வராது.

இதுவரை எழுதி தபாலில் போடாமல் வைத்திருந்தேன். நேற்று அருணா என்னிடம் சொல்லாமலே தணிகாசலத்திடம் போய்வந்துவிட்டான். கேள்விப்பட்டதும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது, உனக்கு ரோஷமே இல்லையா என்று கத்தினேன். அவன் நிதானமாக, எனக்கு வண்டி வோணும்பா, ஷெட்டுல குந்திகினு இன்னா பண்றது, காரு கீறினது நெஜம், அதுக்கு மன்னிப்பு கேட்டேன், தண்ணி ஊத்தினதுக்குக் கேளுன்னாங்க, அதுக்கு மாட்டேன்னு சொல்லிட்டேன் என்றான். கார்க்காரர் சமாதானமாகிவிட்டார், வேறு ஆளும் இல்லை, அதனால் வண்டியில் ஏற விட்டுவிட்டார்கள், சான்றிதழ் மட்டும் கிடையாதாம். நான் என் ரோஷத்தைப் பார்த்தேன், அவன் வண்டியைப் பார்த்தான். எனக்குப் பெருமையாக இருந்தது காயத்ரி, ஆனால் கத்தின வாயால் உடனே அதைச் சொல்ல வரவில்லை. நீ போன் பண்ணும்போது அப்பா சொன்னார் என்று அவனிடம் சொல்லிவிடு.

குழந்தையை அடுப்புப் பக்கம் விடாதே, சுட்டுக்கொண்டால் குழாய்த் தண்ணீரில் காட்டு, பேஸ்ட் தடவாதே, மாப்பிள்ளையிடமும் சொல்லிவை. உனக்கும் உன் குடும்பத்துக்கும் எந்நாளும் நல்லதே நடக்க எங்கள் இரண்டு பேருடைய ஆசியும் உண்டு. அம்மா அனுப்பிய வடகம் வந்ததா என்று எழுது. ஒன்று சொல்ல மறந்தேன், அன்றைக்குத் தொப்பி போட்டு உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் பெயர் எழுதிச் சான்றிதழ் கொடுத்துவிட்டார்கள், என்னுடையது பீரோ மேல் இருக்கிறது. எனக்குத் திடீரென்று ஏதாவது ஆனால் சான்றிதழ் இல்லாதவனைக் கூப்பிடு என்று அம்மாவிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
அவசர மருத்துவ உதவியில் முழுப் பயிற்சி பெற்ற உன் அப்பா
வெங்கடேசன்