சுண்டக் காய்ச்சிய தண்ணீர்

வியாழன், இரவு.

பேரன் ஓசூர் கம்பெனியில் சூப்பர்வைசர் ஆகி, வீட்டுக்கு ஆர்.ஓ. மெஷின் மாட்டினான். பேத்திக்கு பெங்களூரில் தண்ணீர் சோதிக்கும் வேலை. நம் போர் தண்ணீரையும் சோதித்துவிட்டு இன்று போன் செய்தாள்.

"ஆயா, ரோஸ் தோட்டத்து உரம் இறங்கி நைட்ரேட் ஏறிப்போச்சு. கைக்குழந்தைக்கு ஆகாது, உதடு நீலமாயிடும்."

"காய்ச்சினா போயிடாதா?"

"காய்ச்சினா தண்ணிதான் வத்தும். அது அப்படியே நிக்கும்."

பின்வீட்டில் குடியிருக்கும் தூத்துக்குடிப் பெண்ணிடம், அவள் கைக்குழந்தைக்குப் பால்பவுடர் கலக்கப் போர் தண்ணீரைச் சுண்டக் காய்ச்சச் சொன்னது நான். ஓடிப்போய்ப் பாட்டிலைப் பிடுங்கினேன்.

"காய்ச்சச் சொன்னதே நீங்கதானே ஆச்சி" என்றாள்.

விவரம் சொல்லி எங்கள் மெஷின் தண்ணீரைக் கொடுத்தேன். குழந்தையின் உதடு சிவப்பாகத்தான் இருந்தது. பிறகும் இரண்டு தரம் போய்ப் பார்த்தேன். இனியும் கதவைத் தட்டினால் பயந்துவிடுவாள். தூங்கும்முன் குழந்தையைப் புதுசாக ஒரு படம் எடுத்துப் போனில் போடச் சொல்லியிருக்கிறேன். விளக்கைப் போட்டு, வாய் நன்றாகத் தெரிகிற மாதிரி.