குண்டுமணியின் வெள்ளிக்கிழமை எடை

ஏப்ரல் 3, வெள்ளி

என் கண்ணு மகளுக்கு அப்பா எழுதுவது.

நான் சௌக்கியம். முழங்கால் மட்டும் என்னைக் கேட்காமல் தனிக்குடித்தனம் நடத்துகிறது. நீ விட்டுவிட்டுப் போன குண்டுமணியும் சௌக்கியம். நீ போட்ட சட்டப்படி இன்றும் நம் தராசுக் கடைக்குத் தூக்கிப் போய்த் தராசில் உட்காரவைத்தேன். மூன்று கிலோ நானூறு. போன வாரமும் அதுதான், அதற்கு முந்தின வாரமும் அதுதான். 'அப்பா கண்டதையும் ஊட்டி நாயை உருண்டையாக்கிவிடுவார்' என்று பயந்தாயே, இப்போது திருப்திதானே?

போனில் பேசினால் மூன்றாவது நிமிடம் சண்டை வருகிறது, இனிமேல் கடிதம்தான் என்று நீ சொன்னதும் நல்ல ஏற்பாடுதான். எட்டாம் வகுப்பில் கட்டுரைக்கு நான் வாங்கியது நூற்றுக்குப் பன்னிரண்டு. அந்த வாத்தியார் இப்போது என்னைப் பார்த்தால், யாரோ எழுதிக்கொடுக்கிறார்கள் என்பார்.

வேறு விசேஷம் ஒன்றும் இல்லை. குண்டுமணி காலையில் தட்டை முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடுகிறாள், மத்தியானம் சேர்த்து வைத்துச் சாப்பிடுகிறாள். பொழுதுக்கும் தூக்கம். வெயில் காரணமாக இருக்கும்.

நேற்று கறிக்கடைக்காரர் தராசைப் பழுது பார்க்கக் கொடுத்தார். ஐம்பது கிராம் தூக்கிக் காட்டுகிறது. அதை அப்படியே விட்டுவிடச் சொன்னார். முப்பது வருஷத்தில் யாருக்கும் அப்படி விட்டதில்லை என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டேன். கோபத்தில் போயிருக்கிறார். வருவார், ஊரில் வேறு யார் இருக்கிறார்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அப்பா

---

ஏப்ரல் 7

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்களுடைய கடைசி மூன்று கடிதங்களையும் மேசையில் வரிசையாக வைத்திருக்கிறேன். மூன்றிலும் மூன்று கிலோ நானூறு. அவள் ஒரு கிண்ணம் தண்ணீர் குடித்தாலே எடை மாறும். கடைக்கு வருகிறவர்களிடம் நீங்கள் சொல்வது இன்னும் என் காதில் இருக்கிறது: "முள்ளு அசையாம நிக்குதேன்னு சந்தோஷப்படாதீங்க, தராசு செத்துப்போச்சு."

உண்மையான எடை என்ன அப்பா?

பிப்ரவரியில் அவளுக்குத் தீட்டு வந்தது. மூன்று வாரம் வெளியே விடாதீர்கள் என்று எழுதியிருந்தேன். முழுதாக மூன்று வாரம் வைத்திருந்தீர்களா?

அவளை மல்லாக்கப் படுக்கவைத்துப் பாருங்கள். காம்புகள் பழையபடி வெளிறிச் சின்னதாக இருக்கின்றனவா, புடைத்துச் சிவந்திருக்கின்றனவா? விலாவுக்குப் பின்னால் வயிறு அகன்றிருக்கிறதா? விரலால் அமுக்கிப் பார்க்கவே கூடாது. இதெல்லாம் இருந்தாலும் கர்ப்பம் என்று முடிவு கட்டிவிட முடியாது. நாய்களுக்குப் பொய்க் கர்ப்பமும் வரும், பார்க்க அச்சாக அப்படியே இருக்கும். ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும். உடனே கூட்டிக்கொண்டு போங்கள்.

அவளுக்கு ஆறு வயசு. இதுவரை குட்டி போட்டதில்லை. இடுப்பு என் கை அகலம்கூட இல்லை. 'ஒரு தடவையாவது குட்டி போட்டால் பொட்டை நாய்க்கு நல்லது' என்று தெருவில் யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

உங்கள் மகள்

---

ஏப்ரல் 11

என் கண்ணுக்கு,

உன் கடிதத்தைக் கடையில் நின்றுகொண்டே படித்தேன். பிறகு உட்கார்ந்துகொண்டேன்.

நேற்றைய எடை நான்கு கிலோ ஐம்பது. போன கடிதம் எழுதிய அன்று மூன்று கிலோ எண்ணூறு. அதற்கு முந்தின வாரமே ஏற ஆரம்பித்துவிட்டது. கறிக்கடைக்காரரை விரட்டியடித்த அதே கையால்தான் உனக்குப் பொய் எடை எழுதினேன். அவராவது ஐம்பது கிராம்தான் கேட்டார்.

நடந்ததைச் சொல்கிறேன். பத்து நாள் வீட்டுக்குள்ளேதான் வைத்திருந்தேன். அப்புறம் சிவப்பு குறைந்து வெறும் தண்ணீர் மாதிரி ஆகிவிட்டது. சரி, முடிந்தது என்று கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். இணை சேருகிற காலம் ஆரம்பிப்பதே அப்போதுதான் என்று நேற்று டாக்டரம்மா சொன்னார். பக்கத்து அச்சகத்தில் ஒரு பழுப்பு நாய் உண்டு, வருகிற போகிறவர்களை எல்லாம் நிறுத்தி விசாரிக்கும், தெருவே அதை மேனேஜர் என்றுதான் கூப்பிடும். அது இவளைப் போல மூன்று பங்கு. நான் ஒரு திருகாணியைத் தேடிக் குனிந்திருந்த நேரத்தில் காரியம் முடிந்துவிட்டது. அச்சகக்காரர் வந்து, "என்னண்ணே, சம்பந்தியாயிட்டோம்" என்றார். நானும் சிரித்தேன். ஒரு குட்டியை அவருக்குத் தருவதாகவும் சொல்லிவிட்டேன். இதையும் எழுதிவிடுகிறேன்.

ஸ்கேன் எடுத்தாயிற்று. பொய்க் கர்ப்பம் இல்லை. ஒரு குட்டி நன்றாகத் தெரிகிறது. இன்னொன்று உண்டா என்பது பத்து நாள் கழித்து எக்ஸ்ரே எடுத்தால்தான் தெரியுமாம், அப்போதுதான் எலும்பு விழுமாம். கணக்குப்படி நாற்பத்தாறு நாள் ஆகிறது. அறுபத்து மூன்றில் பிரசவம். ஒற்றைக் குட்டி என்றால் இடம் தாராளம், பெரிதாக வளர்ந்துவிடும். அப்பனும் பெரிசு. இவள் வாசல் சின்னது. இப்போதே வயிற்றைத் திறந்து எல்லாவற்றையும் எடுத்துவிடலாம், ஆனால் ரத்தம் அதிகமாக ஓடுகிற சமயம், அதிலும் ஆபத்து உண்டு என்கிறார். ஒரு வாரத்துக்குள் முடிவு சொல்லச் சொன்னார்.

நாய் உன்னுடையது. நீ சொல்.

அப்பா

---

ஏப்ரல் 14

அப்பா,

நாய் என்னுடையது என்பது இப்போதுதான் ஞாபகம் வந்ததா?

டாக்டரிடம் இதைக் கேளுங்கள். இப்போது எடுத்தாலும் ஆபரேஷன், தானாகப் பிறக்காவிட்டாலும் ஆபரேஷன். அவள் வலியில் முக்கிச் சோர்ந்துபோன பிறகு அவசரமாகச் செய்யாமல், முன்கூட்டியே தயாராக இருந்து முதல் அறிகுறியிலேயே செய்ய முடியுமா? முடியும் என்றால் காத்திருக்கலாம். அவரால் அந்த நேரத்தில் இருக்க முடியாது என்றால் இப்போதே எடுத்துவிடச் சொல்லுங்கள். எனக்குக் குட்டி வேண்டாம். எனக்குக் குண்டுமணிதான் வேண்டும். சுண்ணாம்புச் சத்து மாத்திரை என்று நீங்களாக எதையும் வாங்கிக் கொடுக்காதீர்கள்.

குனிந்திருந்த நேரத்தில் நடந்ததற்காக எனக்குக் கோபம் இல்லை. யாருக்கும் நடக்கும். நானூறு என்று எழுதினீர்களே, அதற்குத்தான்.

அம்மாவுக்கும் இப்படித்தான் எழுதினீர்கள். 'கொஞ்சம் சளி.' அப்புறம் 'தேவலை.' அப்புறம் 'எழுந்து நடக்கிறாள்.' நான் வந்து சேர்ந்தபோது ஹாலில் நாற்காலிகளை எல்லாம் சுவரோரமாக ஒதுக்கியிருந்தீர்கள். பரீட்சை முடியும்வரை சொல்ல வேண்டாம் என்று அம்மாவே சொன்னதாகச் சொன்னீர்கள். அது ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் இன்றுவரை உங்களுக்குக் கடிதமாவது எழுதுகிறேன்.

மகள்

---

ஏப்ரல் 21

கண்ணு,

முதலில் நாய். நேற்று எக்ஸ்ரே எடுத்தோம். ஒரே குட்டி. தலை பெரிசு. டாக்டரம்மா அளவுகோல் வைத்து இவள் இடுப்பையும் குட்டியின் தலையையும் எனக்கே அளந்து காட்டினார். தானாக வராது. நீ கேட்டதைக் கேட்டேன், முடியும் என்றார். உடம்புச் சூடு முப்பத்தெட்டு டிகிரியிலிருந்து முப்பத்தேழுக்குக் கீழே இறங்கினால் ஒரு நாளுக்குள் வலி வரும் என்று அர்த்தம். இறங்கியதும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார். குட்டியை எடுக்கும்போதே கர்ப்பப்பையையும் எடுத்துவிடுவார். ஆறு வயசு, சின்ன உடம்பு, மயக்க மருந்து தாங்க வேண்டும். 'நூற்றுக்கு நூறு என்று சொல்லமாட்டேன்' என்றார். நானும் உனக்கு அப்படிச் சொல்லமாட்டேன்.

காலையும் சாயந்திரமும் சூடு பார்க்கிறேன். கருவியை எந்த இடத்தில் வைக்க வேண்டும் என்று டாக்டரம்மா சொன்ன நாளிலிருந்து நானும் குண்டுமணியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. இன்று காலை 38.2. வெள்ளிக்கிழமை எடை நான்கு கிலோ இருநூற்று எண்பது. தராசு நன்றாக வேலை செய்கிறது.

அடுத்தது அம்மா.

அம்மா சொல்ல வேண்டாம் என்று சொல்லவில்லை. அது நான் சொன்ன பொய். உன்னைக் கூப்பிடச் சொல்லி இரண்டு தடவை கேட்டாள். முதல் தடவை, "அவளை ஒரு எட்டு வந்துட்டுப் போகச் சொல்லுங்க" என்றாள். சரி என்றேன். இரண்டாவது தடவை, "சொன்னீங்களா?" என்றாள். பரீட்சை என்றேன். அதற்கப்புறம் அவள் கேட்கவில்லை.

உன் படிப்புக்காக மறைத்தேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அதுவும் இல்லை. நீ வந்தால், அவள் போகப்போகிறாள் என்பது நிஜமாகிவிடும் என்று பயந்தேன். எழுதாமல் இருந்தால் ஏறின எடை இறங்கிவிடும் என்று நினைக்கிற ஜாதி நான்.

இதைத் தபாலில் போடாமல் இரண்டு நாள் பையிலேயே வைத்திருக்கலாம் என்று தோன்றுகிறது. அதனால் இப்போதே போய்ப் போட்டுவிடுகிறேன்.

அப்பா

---

ஏப்ரல் 24

அப்பா,

கடிதம் வந்தது. மூன்று பதில் எழுதிக் கிழித்துவிட்டேன்.

அம்மா கேட்டாள் என்பதை எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. அதைப் பற்றி இப்போது எழுத முடியாது.

திங்கட்கிழமையிலிருந்து தினமும் காலை ஏழு மணிக்குப் போன் பண்ணுவேன். சூடு எவ்வளவு என்று எண்ணை மட்டும் சொல்லுங்கள். 'பரவாயில்லை' என்று சொன்னால் வைத்துவிடுவேன்.

மகள்

---

ஏப்ரல் 28

என் கண்ணு மகளுக்கு,

நேற்று காலை நீ போன் பண்ணினபோது உன் கடிதம் என் கைக்கு வந்திருக்கவில்லை. மத்தியானம் வீடு திரும்பினபோதுதான் வாசலில் கிடந்தது. 'பரவாயில்லை' சொன்னால் வைத்துவிடுவேன் என்பதை அப்போதுதான் படித்தேன். அது தெரியாமலேயே அந்த வார்த்தையைச் சொல்லாமல் இருந்திருக்கிறேன். அந்த நூற்றுக்குப் பன்னிரண்டோடு இதற்கும் ஒரு மார்க் போட்டுக்கொள்.

ஏழு மணிக்கு மணி அடித்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கருவியில் 36.8. அவள் என் சட்டையை அலமாரிக்கு அடியில் இழுத்துப்போய்ப் பிறாண்டிக்கொண்டிருந்தாள். உன் குரல் கேட்டதும், "எறங்கிடுச்சும்மா, முப்பத்தாறு புள்ளி எட்டு. எனக்குப் பயமா இருக்கு" என்று சொன்னேன்.

"எனக்கும்தான்ப்பா. தூக்கிட்டுக் கிளம்புங்க, போனை வைக்காதீங்க" என்றாய்.

வழியெல்லாம் நான் உளறியதை நீ கேட்டுக்கொண்டு வந்தாய். டாக்டரம்மாவிடம் போய்ச் சேர்ந்து போனைப் பார்த்தால், பேசியது முப்பத்தோரு நிமிடம். சண்டை வரவில்லை. என் இடுப்பில் ஒரு நாயும் காதில் நீயும் இருந்தால் எனக்கு வாய் அடங்கும் போலிருக்கிறது.

பிறகு நடந்ததில் உனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை. 'குட்டியை எடுத்துட்டாங்க, இவ இன்னும் கண்ணு திறக்கல' என்று சொன்ன அந்த நாற்பது நிமிடமும் உனக்குத் தெரியும். அதைச் சொல்லாமல், அவள் எழுந்த பிறகு மொத்தமாக நல்ல செய்தியாகச் சொல்லிவிடலாம் என்று கை போனை மூடப் போனது. மூடவில்லை.

இன்று குண்டுமணி எழுந்து தண்ணீர் குடித்தாள். தையல் காய்ந்திருக்கிறது. காய்ச்சல் இல்லை. பின்னங்கால் இன்னும் தள்ளாடுகிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். எடை மூன்று கிலோ ஐந்நூற்று இருபது. அச்சகக்காரரிடம் போய், குட்டி யாருக்கு என்பதை மகள்தான் சொல்லுவாள் என்று சொல்லிவிட்டேன். மேனேஜர் வாசலில் நின்று விசாரித்தார். உள்ளே விடவில்லை.

போனை வைக்கும்போது, அம்மா விஷயத்தை ஜூன் மாதம் நேரில் வந்து கேட்கிறேன் என்றாய். வா. என்னை மன்னிப்பதாகச் சொல்லவில்லை, அதையும் கவனித்தேன். அம்மா சொன்னது, நான் சொன்னது, அவள் அப்போது எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பதுவரை, ஒன்றையும் குறைக்காமல் சொல்கிறேன். நாற்காலிகள் இருந்த இடத்திலேயே இருக்கும்.

குட்டியின் எடையை எழுதத்தான் இவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்கிறேன். கடையிலிருந்து சின்ன முள் தராசை வீட்டுக்கே எடுத்துவந்து, தட்டில் துணி விரித்து அதை வைத்தேன். கண் திறக்கவில்லை, அதற்குள் நாலு காலாலும் நீந்துகிறது. ஐந்து தடவை பார்த்துவிட்டேன். நூற்று எண்பது இருக்கலாம், இருநூறும் இருக்கலாம். தப்பான எண்ணை உனக்கு எழுத மாட்டேன்.

முள் நிற்கவே இல்லையம்மா.

அப்பா