ஆரஞ்சுத் தோல் எண்ணெய்

அன்புள்ள பாப்பா அப்பாவுக்கு,

உங்கள் முதுகுவலி தேவலையா? நான் நலம். ஒரு கோபத்தைத் தவிர வேறு குறையில்லை.

இங்கே ஆலையில் இயந்திரப் பிசுக்கை ஆரஞ்சுத் தோல் எண்ணெயால் துடைக்கிறோம். கறை சட்டென்று போகும், வாசனையும் ஆளைத் தூக்கும். ஆனால் திறந்து கிடந்து பழசானால் தோலைப் புண்ணாக்கிவிடும். விடுதியில் என் பக்கத்துக் கட்டில் அக்காவுக்கு இரண்டு கையும் வெடித்துவிட்டன. கையுறை கேட்டதற்கு மேற்பார்வையாளர், "இயற்கையானதும்மா, பழம் உரிக்கக் கையுறையா போடுவே?" என்று சிரித்தார்.

"அப்போ நீங்களே இதுக்குள்ள கையை விட்டுக் காட்டுங்க சார்" என்று வாளியை அவர் முன் வைத்தேன். அவர் கைகள் பாக்கெட்டுக்குள் போய்விட்டன. எல்லோரும் வேலையை நிறுத்தினோம். மாலைக்குள் கையுறையும், இறுக மூடிய புது டின்னும் வந்தன. இவ்வளவு சுலபமாகக் கொடுக்கக்கூடியதையா இத்தனை நாள் கொடுக்கவில்லை? மனம் இன்னும் ஆறவில்லை.

எனக்கு மணிக்கட்டில் லேசான சிவப்புதான், பயப்படாதீர்கள்.

மூக்கு முழுக்க ஆரஞ்சு வாசனைதான்; உங்கள் சட்டை ஒன்றை அனுப்புங்கள். துவைக்க வேண்டாம். மணி அடித்துவிட்டது, ஓடுகிறேன்.

பாப்பாவின் அம்மா