பதினோராம் கேள்வி

கோட்டுச்சேரி,
4-9-1955

சிரஞ்சீவி சம்பந்தத்துக்கு அப்பா பஞ்சநாதன் ஆசீர்வாதம்.

உன் கடிதமும் கட்டும் வந்து சேர்ந்தன. கடிதம் ஏழு வரி. கட்டு ஒன்பது பக்கம். பெற்றவனுக்கு ஏழு வரி போதும் என்று பாரீசில் கணக்குப் போலிருக்கிறது. இருக்கட்டும்.

நீ அங்கே ஆஸ்பத்திரியில் ஏதோ படிப்பு, ஆராய்ச்சி என்று நான்கு வருஷமாக எழுதுகிறாயே, அது இதுதான் என்று இப்போதுதான் விளங்கிற்று. பிள்ளைகள் விடுதிக்கு ஆள் வைக்குமுன் அவன் மனசைக் கேள்வி கேட்டு அளப்பது. பிள்ளைகளிடம் தகாதபடி நடக்கக்கூடியவனை முன்கூட்டியே அடையாளம் கண்டு வாசலிலேயே நிறுத்துவது. சண்டை நடந்து அநாதைப் பிள்ளைகள் பெருகிய தேசம். அங்கே அப்படிப்பட்டவர்களும் பெருகியிருக்கலாம். அதைத் தமிழில் பெயர்த்து என் விடுதிக்கு ஏன் அனுப்பினாய் என்றுதான் எனக்குப் புரியவில்லை.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். மளிகைக் கடையில் பொட்டலம் கட்டிய காகிதத்தைப் படித்துப் படித்து மீதியைக் கற்றவன். ஆள் எடுக்க எனக்கும் ஒரு வழி உண்டு. யார் வேலைக்கு வந்தாலும் நாற்பது நாள் பந்தியில் பார்ப்பேன். பிள்ளைகள் எல்லோரும் எழுந்த பிறகு சாப்பிட உட்காருகிறானா, முன்னாலேயே உட்காருகிறானா? அவ்வளவுதான். ஆறு பேர் தோற்றுப் போனார்கள். தியாகராசன் வாத்தியார் ஒருவர்தான் ஜெயித்தார். பதினேழு வருஷமாகக் கடைசிப் பந்தியில்தான் சாப்பிடுகிறார். தன் இலை அப்பளத்தைக்கூடச் சின்னப் பிள்ளைக்குக் கொடுத்துவிடுவார். கூடத்தில் இருபத்தொரு பிள்ளைகளுக்கு நடுவே படுத்து, எவன் இருமினான் என்று எனக்குக் காலையில் சொல்லுகிறவர். அந்த மனிதரிடம் உன் தாளை நீட்ட என் கை வராது.

ஆனால் விடுதித் தலைவர் எழுத வேண்டிய பக்கத்தை நானே எழுதி இதோடு அனுப்பியிருக்கிறேன். விடுதி நடத்துவது எப்படி என்று உன் டாக்டர்களும் தெரிந்துகொள்ளட்டும்.

சமையல் லோகாம்பாள் உன்னை விசாரித்தாள். எப்போது வருகிறாய் என்று கேட்டாள். எனக்குத் தெரியாது என்றேன். தெரிந்ததைத்தானே சொல்ல முடியும்.

இப்படிக்கு,
பஞ்சநாதன்


பாரீஸ்,
22-9-1955

அன்புள்ள அப்பாவுக்கு நமஸ்காரம்.

ஏழு வரிக்கு மன்னிக்க வேண்டும். எழுத உட்கார்ந்தால் எனக்கு எப்போதும் ஏழாவது வரியில் பேனா நின்றுவிடுகிறது. இன்று நிற்காமல் எழுதப் பார்க்கிறேன்.

இங்கே சிறையில் இருக்கும் முப்பத்திரண்டு பேரோடு நாங்கள் பேசியிருக்கிறோம். பிள்ளைகளைக் கெடுத்தவர்கள். ஒருவருக்காவது பிள்ளைகளைப் பிடிக்காமல் இல்லை, அப்பா. எல்லோரும் பொறுமைசாலிகள். கூப்பிடாமலே வேலைக்கு வந்து நின்றவர்கள். ஊர் நல்ல பேர் கொடுத்தவர்கள். கெட்டவனாகத் தெரிகிறவனைப் பிடிக்க ஒன்பது பக்கத் தாள் எதற்கு? உங்கள் பந்திப் பரீட்சையில் இந்த முப்பத்திரண்டு பேரும் தேறியிருப்பார்கள். பிள்ளைகளின் பிரியமும் பெரியவர்களின் நம்பிக்கையும் தேவைப்படுகிறவன் நாற்பது நாள் பசியோடு இருக்கத் தயங்கமாட்டான்.

தாளும் எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிடாது. அதனால் எங்கள் ஆசிரியர் இரண்டு விதிகள் வைத்திருக்கிறார். எந்தப் பெரியவரும் பிள்ளைகளோடு தனியாகத் தூங்கக் கூடாது. பிள்ளைகள் போய்ச் சொல்ல வேறொரு ஆள் இருக்க வேண்டும். உங்களிடம் ஒரே ஒரு உதவி கேட்கிறேன். தியாகராசன் வாத்தியாரின் படுக்கையைக் கூடத்திலிருந்து மாற்றுங்கள். காரணம் எதுவும் சொல்ல வேண்டாம்.

நீங்கள் எழுதிய பக்கத்தைப் படித்தேன். எல்லாக் கேள்விக்கும் விரிவாக எழுதியிருக்கிறீர்கள். பதினோராவதற்கு மட்டும் வெறும் கோடு போட்டிருக்கிறீர்கள். அந்தக் கேள்வி இது: 'உங்கள் நம்பிக்கைக்குரிய ஒருவரைப் பற்றி எந்தப் பிள்ளையாவது எப்போதாவது உங்களிடம் முறையிட்டதுண்டா? நீங்கள் என்ன செய்தீர்கள்?'

மறந்து விட்டிருந்தால் எழுதி அனுப்புங்கள்.

உங்கள் மகன்,
சம்பந்தம்


கோட்டுச்சேரி,
10-10-1955

பாரீஸ் பட்டணம் மகா கனம் பொருந்திய சம்பந்தம் அவர்களுக்கு,

மறந்து விடவில்லை. வேண்டுமென்றேதான் கோடு போட்டேன். நூகுவைப் பற்றி என் வாயால் சொல்ல வைக்கத்தானே இவ்வளவு சுற்றி வளைத்தாய்? சொல்லுகிறேன், கேட்டுக்கொள்.

பிரெஞ்சுக்காரன் இருந்த காலம், நாற்பத்திரண்டாம் வருஷம். காரைக்கால் மரக்காயர் வீட்டுப் பிள்ளை, எட்டு வயது. தகப்பன் கப்பலோடு போய்த் திரும்பவில்லை என்று தாய் கொண்டுவந்து விட்டாள். எந்தச் சாதி எந்த மதமானாலும் ஒரே பந்தி என்று நான் நடத்தியதால் சேர்த்துக்கொண்டேன். ஒருநாள் காலை எல்லோரும் பல் விளக்கும்போது என் முன்னால் வந்து நின்றான்.

"வாத்தியார் பக்கத்துல படுக்க மாட்டேங்க ஐயா."

"ஏன்டா?"

"அவரு கெட்டவருங்க ஐயா."

அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்கக் கூசிற்று. சாப்பாடு போடுகிறவரைக் கெட்டவர் என்றால் காலில் விழுந்து மன்னிப்புக் கேள் என்றேன். மாட்டேன் என்றான். பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்து விசாரித்தேன். ஒருவரும் ஆமாம் என்று சொல்லவில்லை. அன்றே வண்டி வைத்து அவன் தாயிடம் அனுப்பினேன். தியாகராசன் வண்டியைப் பிடித்துக்கொண்டு, சின்னப் பிள்ளை, மன்னித்துவிடுங்கள் என்று கண்ணீர் விட்டார். அது மனிதத்தன்மை.

என் பிள்ளை என்று உனக்குத் தனிப் பாய் போட்டவனா நான்? அதே கூடத்தில் அதே கூழைக் குடித்துத்தான் நீ பிரான்சு உபகாரச் சம்பளம் வாங்கிக் கப்பல் ஏறினாய். ஏறி நின்ற ஏணியை உதைக்கிறாய். உதை.

வாத்தியார் படுக்கை இருக்கிற இடத்தில் இருக்கும். இனி இந்த விஷயமாக எழுத வேண்டாம்.

பஞ்சநாதன்


பாரீஸ்,
20-10-1955

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நூகுவின் பெயரை எழுதவில்லை. நீங்கள்தான் எழுதினீர்கள். பதின்மூன்று வருஷமாக உங்களுக்கும் மறக்கவில்லை என்று தெரிந்துகொண்டேன்.

வரிசையில் ஒருவரும் ஆமாம் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நடந்தது அதோடு முடியவில்லை. நீங்கள் என்னிடம் வந்து நின்றீர்கள். "நீ சொல்லுடா, என் பிள்ளை பொய் சொல்லமாட்டான்" என்றீர்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வாத்தியாரும் பார்த்தார். நூகுவும் பார்த்தான். நான் சொன்னேன்: "அவன் பொய் சொல்றான் அப்பா." நீங்கள் என் தலையைத் தடவிக் கொடுத்தீர்கள்.

நூகுவின் பாய் என் பாய்க்குப் பக்கத்துப் பாய். அவன் சொன்னது உண்மை. எனக்குத் தெரியும். எனக்கு அப்போது ஒன்பது வயது.

நான் இந்தப் படிப்புக்கு ஏன் வந்தேன் என்று இனி நீங்கள் கேட்கமாட்டீர்கள்.

அப்பா, என் மேல் உள்ள கோபத்தைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். கூடத்தில் இன்றைக்கும் இருபத்தொரு பிள்ளைகள் இருக்கிறார்கள். வாத்தியாரை இன்றே வெளியே படுக்க வையுங்கள். அவர் ஊரில் இல்லாத நேரமாகப் பார்த்து லோகாம்பாள் அத்தை பிள்ளைகளோடு ஒவ்வொருவராகப் பேசட்டும். நீங்கள் பேச வேண்டாம், உங்கள் குரலுக்குப் பயப்படுவார்கள். வரிசையில் நிற்க வைக்க வேண்டாம். என்ன சொன்னாலும் அத்தை திட்டாமல் கேட்கட்டும். ஒரு பிள்ளை ஒரு தடவைதான் சொல்லும்.

மூன்று வாரத்தில் உங்களிடமிருந்து பதில் வராவிட்டால் காரைக்கால் நிர்வாக அதிகாரிக்கு நானே எழுதுவேன். விடுதியின் பெயர், உங்கள் பெயர், என் பெயர் எல்லாம் அதில் இருக்கும்.

சம்பந்தம்


பாரீஸ்,
12-12-1955

அப்பாவுக்கு,

உங்களிடமிருந்து ஒரு வரியும் இல்லை. சொன்னபடி அதிகாரிக்கு எழுதினேன். அவரும் பதில் போடவில்லை. தஞ்சாவூர்க் கரையில் புயல் என்று இங்கே பத்திரிகையில் நான்கு வரி வந்தது. காரைக்கால் பெயரைத் தேடினேன், இல்லை. நீங்கள் சுகமாக இருக்கிறீர்களா என்று வேறு யாரையாவது எழுதச் சொல்லுங்கள். உங்கள் கையால் எழுதப் பிடிக்காவிட்டால் பரவாயில்லை.

சம்பந்தம்


கோட்டுச்சேரி,
9-1-1956

சம்பந்தம்,

சுகமாக இருக்கிறேன். புயலில் கூடத்து ஓடு பாதி போயிற்று. அதனால் யாருக்கும் கஷ்டமில்லை. கூடத்தில் யாரும் இல்லை.

உன் கடிதத்தைப் படித்ததும் கிழித்தேன். பிறகு பொறுக்கி ஒட்டினேன். அன்று மாலையே வாத்தியாரைக் கூப்பிட்டு, சாமான் அறையில் படுங்கள் என்றேன். "ஏங்க, சின்னப் புள்ளைங்க பயப்படுமே" என்றார். "பயப்பட்டா என்னைக் கூப்பிடட்டும்" என்றேன். உடனே அவர் கேட்டார், "யாருங்க சொன்னா?" நான் யாரும் எதையும் சொன்னதாகச் சொல்லவே இல்லை. பதினேழு வருஷம் பார்த்த முகத்தை அப்போதுதான் பார்த்தேன்.

மறுநாள் அவரை அரிசி மூட்டை பார்க்க நாகப்பட்டினம் அனுப்பினேன். நீ சொன்னபடி நான் தோட்டத்துப் பக்கமே போகவில்லை. லோகாம்பாள் கிணற்றடியில் உட்கார்ந்து மொச்சை உரித்தாள். ஒவ்வொரு பிள்ளையாக உரிக்கக் கூப்பிட்டாள். மத்தியானம் வந்து, "மூணு பேருங்க" என்றாள். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு நின்றவள், "உங்க சோத்தை இனிமே ஆக்க என்னால ஆவாதுங்க" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள். அவள் கோபம் என் மேலா அவன் மேலா என்று நான் கேட்கவில்லை.

அவன் நாகப்பட்டினத்திலிருந்து திரும்பிப் பஸ்ஸை விட்டு இறங்கும்போது போலீஸோடு நான் நின்றேன். விடுதிக் கமிட்டிக்காரர்கள் வந்தார்கள். சத்தமில்லாமல் அனுப்பியிருக்கலாமே பஞ்சநாதன், ஊர் பேர் என்னாவது என்றார்கள். சத்தமில்லாமல் அனுப்பி எனக்கு நாற்பத்திரண்டாம் வருஷத்திலிருந்து பழக்கம், இந்தத் தடவை பிள்ளையை அனுப்பமாட்டேன் என்றேன். இனி கமிட்டி இல்லை. மண்டபத்தூரிலிருந்தும் கிளிஞ்சல்மேட்டிலிருந்தும் தகப்பன்கள் வந்து பிள்ளைகளை அழைத்துப் போனார்கள். ஒருவரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். மூன்று பிள்ளைகளும் வழக்கில் சொல்ல வேண்டியதை லோகாம்பாள் கூட இருந்து சொல்ல வைக்கிறாள். என்னோடு அவள் பேசுவதில்லை.

இதையெல்லாம் உனக்கு உடனே எழுதியிருக்கலாம். எழுதவில்லை. உன் பேச்சைக் கேட்டேன் என்று ஒப்புக்கொள்ள இரண்டு மாதம் ஆயிற்று.

போன வாரம் நூகுவைத் தேடிப் போனேன். காரைக்காலில் சைக்கிள் கடை வைத்திருக்கிறான். மீசை வைத்திருக்கிறான், எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவனுக்கு என்னைத் தெரிந்தது. தண்ணீர்ச் சட்டியில் டியூபை அமுக்கிக்கொண்டே, "உக்காருங்க ஐயா" என்றான். உட்காரவில்லை.

"அன்னைக்கி நீ சொன்னது நெசந்தான். நான் நம்பல. அதைச் சொல்லத்தான் வந்தேன்" என்றேன்.

"அப்பவே நெசந்தாங்களே" என்றான். "நீங்க இப்ப வந்து நெசமாக்க வேண்டியதில்லையே."

டியூபைத் திருப்பி அமுக்கிக்கொண்டே அவனே கேட்டான்: "சம்பந்தம் எங்கங்க?"

"பிரான்சுல."

"நல்லா இருக்கானா?"

"இருக்கான். அன்னைக்கி உன்னைப் பொய்யின்னு சொன்னதை நினைச்சு வருத்தப்படுறான்."

அவன் டியூபைத் தண்ணீரிலிருந்து எடுத்து என்னை நிமிர்ந்து பார்த்தான். "அவன் மேல எனக்கு ஒண்ணுமில்லீங்க. பயந்த புள்ள. நான் போனப்பறம் அந்தாளு பக்கத்துல யாருங்க படுத்தா?"

சம்பந்தம், கூடத்தில் பாய் வரிசை நான் போட்டது. மிகச் சின்னப் பிள்ளைக்குப் பயம் இருக்கும் என்று வாத்தியாருக்கு அடுத்த பாயை அவனுக்குப் போடுவேன். எட்டு வயது நூகு போன பிறகு அந்த வருஷம் கூடத்தில் மிகச் சின்னவன் யார் என்று நான் எந்தப் புத்தகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. கோட்டுச்சேரி வரை மூன்று மைலும் நடந்தே வந்தேன். பஸ் இரண்டு கடந்து போயிற்று.

நான் மன்னிப்புக் கேட்டுப் பழகாதவன். கேட்டால் நீ மன்னித்தாக வேண்டும். அந்தக் கட்டாயத்தை உனக்கு வைக்கமாட்டேன். ஊருக்கு வா என்றும் எழுதமாட்டேன். எந்த வீட்டுக்கு வருவாய்?

ஒன்று மட்டும் தெரிய வேண்டும். நூகு கேட்டதையேதான் உன்னைக் கேட்கிறேன்: அந்தப் பாயில் உனக்கும் நடந்ததா? இல்லை என்றால் இல்லை என்று எழுது. ஆமாம் என்றால் எதையும் எழுத வேண்டாம். தேதியும் கையெழுத்தும் போட்டு அனுப்பு, போதும். நான் வேறு யாரையும் வரிசையில் நிற்க வைத்து விசாரிக்கமாட்டேன். நம்புவேன்.

அப்பா


பாரீஸ்,
27-1-1956

அன்புள்ள அப்பாவுக்கு,




உங்கள் மகன்,
சம்பந்தம்