பேச்சியிடம் சொல்லிவிட்டேன், ஞானம்

கூடப் பிறக்காமலே எனக்குத் தங்கச்சியாகிப்போன ஞானத்துக்கு,

சொல்லிவிட்டேன். கடைசியாக நீ என்னிடம் கேட்டுக்கொண்டதை மூன்று வருஷம் தள்ளிப்போட்டேன். போன வாரம் ஒரு மத்தியானம், ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்துச் சொல்லிவிட்டேன். சொன்ன நிமிஷத்தில் பிடித்த பயம் இன்னும் விடவில்லை. இந்தக் கடிதத்தைக்கூட ரெண்டு தடவை எழுதிக் கிழித்தாயிற்று.

வேறு யாராவது படித்தாலும் விளங்கட்டும் என்று முதலிலிருந்தே எழுதுகிறேன். உனக்குத் தெரிந்த கதைதான், பொறுத்துக்கொள்.

நீ கன்னியர் மடத்தில் வளர்ந்த வேதக்காரப் பெண். நான் பரவைப் பக்கம் விவசாயம் பார்க்கிற சம்சாரி வீட்டில் பிறந்து, புருஷனைப் பாம்புக்கும் கைக்குழந்தையை அம்மைக்கும் கொடுத்துவிட்டு, அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நர்சு வேலைக்கு வந்தவள். நர்சுகள் குடியிருப்பில் நம் இருவருக்கும் ஒரே அறை. உன் சுவரில் மாதா படம் இருந்தது. என் சுவரில் ஆணி மட்டும்தான்.

"ஒங்க சாமி படம் ஒண்ணும் மாட்டலையாக்கா?" என்று கேட்டாய்.

"எனக்குச் சாமியே வேணாம். கும்பிட்டதெல்லாம் போதும்."

"பெறகு எதுக்கு மாரியம்மன் கோயிலத் தாண்டுறப்ப மட்டும் தலையக் குனிஞ்சுக்கிட்டுப் போறீக?"

"ஒருவேளை இருந்துட்டா?" என்றேன். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் பிள்ளைக்கு அம்மை கண்டபோது வேப்பிலையும் கூழுமாக அவள் காலடியிலேயே கிடந்தவள் நான். அவள் இல்லை என்று சொல்லவும் பயம், இருக்கிறாள் என்று சொல்லவும் பயம். இருந்தும் எடுத்துக்கொண்டாள் என்றால் அது எப்பேர்ப்பட்ட சாமி?

அந்த வருஷம் அழகர் ஆற்றில் இறங்கிய கூட்டம் கலைந்த நாலாம் நாள் வாந்திபேதி கிளம்பியது. காளவாசலுக்கு மேற்கே, செங்கல் சூளைகளையெல்லாம் தாண்டி, ஒரு தோப்பில் கீற்றுக்கொட்டகை போட்டார்கள். யார் போகிறீர்கள் என்று பெரிய நர்சம்மா கேட்டபோது முதல் ஆளாக நீ கையைத் தூக்கினாய். உன்னைத் தனியாக விட மனசில்லாமல் நானும் தூக்கினேன். தைரியத்தில் தூக்கிய கை இல்லை அது. உனக்கு அது அப்போதே தெரிந்திருக்கும்.

பேச்சி அங்கேதான் வந்தாள். வண்டியில் அவள் அண்ணன் பிணமாகக் கிடந்தான். அவள் மடியில் எட்டு மாசப் பெண் குழந்தை, அழகம்மா. கண் உள்ளே போய், தோலைக் கிள்ளினால் கிள்ளியபடியே நின்றது. தோலுக்கடியில் உப்புத் தண்ணீர் ஏற்றினோம். நாடி கிடைக்கவில்லை. டாக்டர் பார்த்துவிட்டு அடுத்த பாய்க்குப் போய்விட்டார். பேச்சி அண்ணன் பிணத்தருகே ஓடியிருந்தாள்.

அப்போதுதான் நீ காய்ச்சிய தண்ணீரை, பிள்ளைகளுக்குப் புகட்டும் பாலாடையில் எடுத்தாய். குழந்தையின் நெற்றியில் மூன்று தடவை ஊற்றி, உதடு மட்டும் அசைய, பிதா, சுதன் என்று உங்கள் ஞானஸ்நான வார்த்தைகளைச் சொன்னாய். அன்னம்மா என்று பெயரும் வைத்தாய். உன் தாயின் பெயர். பாய் மறைப்புக்கு இந்தப் பக்கம் நான் நின்றதை நீ பார்க்கவில்லை.

"என்ன காரியம்டி பண்ணுற?" என்று உன் கையைப் பிடித்தேன்.

"சாகப்போற பிள்ளக்கா. ரெண்டு சொட்டுத் தண்ணி ஊத்த ஆளில்லாம அது சாமி மொகத்தப் பாக்காமப் போகணுமா?"

"தெரிஞ்சா வேலை போயிரும். ஊர்க்காரங்க கொட்டகையவே கொளுத்திருவாங்க."

"ஆருக்கும் தெரியாதுக்கா. பிள்ளதான் போகப்போகுதே" என்று சொல்லி நீ அழுதாய்.

ஆனால் பிள்ளை போகவில்லை. மறுநாள் பகலில் கண் திறந்தது. சாயங்காலம் பால் குடித்தது. பேச்சி தோப்பு மண்ணில் விழுந்து புரண்டாள். "அழகரு திருப்பிக் குடுத்துட்டாரு! மலைக்குக் கொண்டாந்து முடி எறக்கிக் காது குத்துறேன் சாமி!" என்று கத்தினாள். ஓடிவந்து உன் காலைத் தொட்டாள். வெளிறிப்போன உன் முகத்தை அப்போது நான் பார்த்தேன். செத்துப்போகிற பிள்ளைக்குச் செய்தது, உயிரோடு இருக்கிற பிள்ளை மேல் வந்து நின்றுவிட்டது.

மறுநாளே உங்கள் சாமியாருக்குச் சொல்லி அனுப்பினாய். ஞானஸ்நானம் பெற்ற பிள்ளை திருச்சபையின் பிள்ளைதான், தாய்க்கு உண்மையைச் சொல்லி, வேதத்தில் வளர்க்கக் கேட்டுப் பார் என்று பதில் வந்தது. அந்தத் தாளை மடித்து மடித்து நீ கையிலேயே வைத்திருந்தாய்.

"நான் திருடிட்டேனாக்கா? அது ரெட்சிப்பா, திருட்டா?"

எனக்கு என்ன தெரியும்? "வாயத் தொறக்காத" என்றேன். "அவ பிள்ளையத் தூக்கிக்கிட்டு ஊரு போய்ச் சேரட்டும். நீ சொன்னா ஒன்னையும் வெட்டுவாங்க, என்னையும் வெட்டுவாங்க." உன்னைக் காப்பாற்றத்தான் சொன்னேன் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை ஞானம். எனக்குத்தான் பயம். என் பயத்தை எடுத்து உன் வாயில் அடைத்தேன்.

பேச்சி குழந்தையோடு வண்டியேறிய மூன்றாம் நாள், வாளியைத் தூக்கிக்கொண்டு வந்த நீ அப்படியே உட்கார்ந்துவிட்டாய். பேதி உன்னையும் பிடித்துவிட்டது என்று பார்த்தவுடனேயே எனக்கு விளங்கிவிட்டது.

அன்றைக்குப் பகல் அம்புட்டு நீளமாக இருந்தது. சாமியாரைக் கூட்டிவர ஆள் போனான். அவர் ஏதோ கிராமத்தில் இன்னொரு சாவுக்குப் போயிருந்தார். உன் நரம்பில் ஊசி ஏற்ற நான் நாலு தடவை குத்தினேன். இரண்டு வருஷம் ஊசி போட்ட கைக்கு அன்றைக்குப் பார்த்து நரம்பு கிடைக்கவில்லை. கெண்டைக்கால் இழுத்துக்கொண்டு நீ கத்தினாய். கொஞ்சம் ஓய்ந்தபோது என்னைக் கூப்பிட்டாய்.

"செல்லக்கா, சாமியாரு வரமாட்டாரு. நீங்க செபஞ் சொல்லுங்க."

தினமும் காலையில் நீ சொல்லச் சொல்லக் கேட்டு எனக்கு மனப்பாடம்தான். ஆனால் வாய் வரவில்லை. இதைச் சொன்னால் என் பிள்ளையை எடுத்தவள் என்னையும் பார்த்துவிடுவாளோ என்று இருந்தது. சாமியே வேண்டாம் என்றவளுக்கு அந்த நேரத்தில் எல்லாச் சாமியும் இருந்தது, எல்லாம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. சொல்லத் தொடங்கி, பாதியில் வார்த்தை மறந்து, திரும்ப முதலிலிருந்து சொன்னேன். நீ கண்ணை மூடிக் கேட்டாய். பிறகு கண்ணைத் திறந்தாய்.

"அக்கா, அங்க ஆருமே இல்லேன்னா?"

ஞானம், நீயா கேட்டாய் அதை? காய்ச்சலிலும் செபமாலையை விடாத நீயா? உன் கண்ணில் அப்படி ஒரு பயத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. நீ நம்பியதில்தான் நானும் கொஞ்சம் சாய்ந்து நின்றேன் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"இருக்காங்கடி. மாதா இருக்காங்க. வந்து நிக்கிறாங்க, நான் பாக்குறேன்" என்றேன். கொட்டகைக் கீற்றைத் தவிர நான் ஒன்றையும் பார்க்கவில்லை.

நீ நம்பினாயா? என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். "பேச்சிகிட்ட நீங்களாச்சும் சொல்லிருங்கக்கா" என்றாய். வெயில் தாழ்வதற்குள் உன் நாடி என் விரலுக்கடியில் நின்றுபோனது.

மூன்று வருஷம் ஆகிவிட்டது. யுத்தம் வந்து, பெட்ரோல் கிடைக்காமல் பஸ்ஸெல்லாம் கரியில் ஓடுகிறது. உன் கட்டிலுக்கு வேறு பெண் வந்துவிட்டாள். பேச்சி மட்டும் வருஷம் தவறாமல், பரவைச் சந்தைக்கு வரும்போது பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னைப் பார்க்க வந்துவிடுவாள். "அந்தச் செவத்த நர்சம்மா எங்க?" என்று முதல் வருஷமே கேட்டாள். வேறு ஊருக்குப் போய்விட்டாள் என்றேன். பிள்ளை என்னைப் பார்த்துச் சிரிக்கும்போதெல்லாம் அதன் நெற்றியிலிருந்து என் கண்ணை எடுக்க முடியாது.

போன வாரம் வந்து, "ஆடி பெறந்துருச்சு, மலையில முடி எறக்குறோம்" என்றாள். "எங்கண்ணன் இருந்தா அவன் மடியில வச்சுக் காது குத்தலாம். எனக்கு வேற கூடப்பெறந்தவக இல்ல. நீங்கதான் மடியில வச்சுக்கிறணும் நர்சம்மா."

தாய்மாமன் இடத்தில் என்னை உட்காரச் சொல்கிறாள். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். தண்ணீர், வார்த்தை, நீ செத்தது, நான் பொய் சொன்னது, எல்லாம்.

அவள் கத்துவாள் என்று பார்த்தேன். கத்தவில்லை. "எந்த எடத்துல ஊத்துனாக?" என்று மட்டும் கேட்டாள். நெற்றியைத் தொட்டுக் காட்டினேன். முந்தானையை எச்சில் பண்ணி அந்த இடத்தைத் தேய்த்தாள், தேய்த்தாள், பிள்ளை வீறிட்டு அழுகிறவரை தேய்த்தாள்.

"அப்ப இது ஆரு பிள்ள நர்சம்மா?"

அவள் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

நாலு நாள் கேட் சத்தம் கேட்கும்போதெல்லாம் வாசலை எட்டிப் பார்த்தேன். ஊரே கம்போடு வரும் என்று நினைத்தேன். ஐந்தாம் நாள் அவள் புருஷன் மாயாண்டி தனியாக வந்து வேப்பமரத்தடியில் நின்றான். துண்டைத் தோளிலிருந்து எடுக்கவில்லை. நான் படியிலேயே நின்றுவிட்டேன்.

"அவ சோறு திங்கல. பிள்ளையத் தூக்கமாட்டேங்கிறா" என்றான். "தண்ணி ஊத்துனப்ப என்ன பேரு வச்சாக?"

"அன்னம்மா."

"அன்னம்மா" என்று அவனும் ஒருதரம் சொல்லிப் பார்த்தான். "பிள்ளைக்கு ஒரு பேரு இருந்து, பெத்தவுகளுக்கே அது தெரியலைன்னா பயமாருக்குல்ல? அதான் கேட்டுட்டுப் போவோம்னு வந்தேன்." போகும்போது, "வெள்ளிக்கெழம மலைக்கு வாங்க. அவ வரச்சொல்லல. நான் சொல்றேன்" என்றான்.

இன்றைக்கு வெள்ளிக்கிழமை. போய்விட்டு வந்துதான் எழுதுகிறேன்.

கரி பஸ்ஸில் போகும்போது இறங்கித் திரும்பிவிடலாம் என்று மூன்று தடவை எழுந்தேன். அழகர்கோவிலில் கருப்பர் சந்நிதிக் கதவைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டேன். பொய்ச் சத்தியம் பண்ணியவர்களை அவர் விடமாட்டார் என்பார்கள். உன்னிடம் நான் சொன்ன பொய்யை அவர் எந்தக் கணக்கில் வைப்பார்?

மாயாண்டியின் பெரியப்பா மடியில் வைத்துத்தான் முடி இறக்கினார்கள், காது குத்தினார்கள். நான் புளியமரத்தடியில் ஒதுங்கி நின்றேன். பேச்சி என் பக்கம் பார்க்கவே இல்லை. பிள்ளைக்கு மொட்டைத் தலையில் சந்தனம் பூசி முடிந்ததும், அவளே அதைத் தூக்கிக்கொண்டு என்னை நோக்கி நடந்து வந்தாள். எல்லோரும் பார்த்தார்கள்.

"அந்தம்மா சாகுறப்ப பயந்தாகளா?"

"ரொம்பப் பயந்தா."

"அம்புட்டுச் சாமி கும்பிட்டவுகளா?"

"ஆமா பேச்சி."

அவள் பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றினாள். "நானும் இந்த ஒரு வாரமா பயந்துதான் செத்தேன். அழகரு கோவிச்சுக்கிருவாரோ, அந்த மாதா வந்து கேக்குமோன்னு. எம்பிள்ளையப் பாக்கவே பயந்துட்டேன்." பிறகு குரலை மாற்றிக்கொண்டு, "பொங்கப்பான பொங்கிருச்சு. போய் எறக்கணும். இவளச் சித்த பிடிங்க" என்று பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

மன்னித்தாளா? எனக்குத் தெரியாது. பானையை இறக்கி, இலை போட்டு, எல்லோருக்கும் பரிமாறி முடிகிறவரை அவள் பிள்ளையைத் திரும்பக் கேட்கவில்லை. காது ரணத்தில் அழுது அழுது அது என் தோளில் தூங்கிப்போனது. அதன் மூச்சு என் கழுத்தில் பட்டுக்கொண்டே இருந்தது. நான் யாரையும் கும்பிடவில்லை ஞானம். கும்பிடாமலும் நிற்க முடியவில்லை. உன் பெயரைத்தான் சொல்லிக்கொண்டு நின்றேன்.

சுண்ணாம்பு போட்டு உங்களையெல்லாம் புதைத்த அந்தத் தோப்புப் பக்கம், கொட்டகையைப் பிரித்த பிறகு நான் வந்ததில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை வாரேன். நீ சொன்ன செபத்தை முழுசாகச் சொல்லுவேன், நம்பிச் சொல்கிறேன் என்று பொய் சொல்லமாட்டேன். உன்னை மாதிரிக் கேட்டுக்கொண்டு இனி யார் என் கையைப் பிடித்தாலும், தெரியாததைத் தெரியும் என்று சொல்லமாட்டேன். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது, ஆனால் நான் எழுந்து போகமாட்டேன் என்று சொல்லுவேன். இது சத்தியம்.

பயந்துகொண்டே உன்னை நினைத்திருக்கும்,
உன் செல்லக்கா