ஒன்றுமில்லாத ஓடை

அன்புள்ள பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. நாங்கள் இங்கே நன்றாக இருக்கிறோம், என் முழங்கால் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை, மற்றபடி குறையில்லை. நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து சுகமாக இருப்பாய் என்று நம்புகிறோம். போனிலேயே பேசலாமே என்பாய். போனில் உன் அம்மா பாதியில் பிடுங்கிக்கொண்டு அழ ஆரம்பிக்கிறாள், நீ "சரிப்பா, வெச்சிடறேன்" என்கிறாய், நான் கேட்க நினைத்ததெல்லாம் கேட்காமலே போய்விடுகிறது. அதனால்தான் இந்தக் கடிதம்.

"இது எனக்கு வராதுப்பா, படிப்பை விட்டுட்டு வீட்டுக்கே வந்துடறேன்" என்று நீ போனில் அனுப்பிய செய்தி வந்தபோது டயர் கடைக்காரருக்கு ஒரு கன்னம் மழித்து முடித்திருந்தேன். இன்னொரு கன்னம் நுரையோடு இருக்க, அவர் கண்ணாடியிலேயே என்னைப் பார்த்துவிட்டு "என்னாச்சு, மூஞ்சி தொங்கிப்போச்சு?" என்றார். மறைக்கத் தெரியவில்லை, சொல்லிவிட்டேன். "உங்க பொண்ணு காட்டைக் காப்பாத்தப் படிக்குது, நீங்க என் தலையில இருக்கற காட்டை அழிக்கிறீங்க" என்று எப்போதும் வம்பிழுக்கிற மனுஷன், அன்றைக்கு மறு கன்னமும் மழித்ததும் மீதிச் சில்லறைகூட வாங்காமல் எழுந்து போனார். உன் சித்தப்பாதான் விஷயம் தெரிந்ததும் கடைக்கே வந்துவிட்டான். "அரசாங்கப் பல்கலைக்கழகத்துல எடம் கெடைக்கறதே பெருசு, அதுல போய் இயற்கை வளப் பாதுகாப்பு எடுத்தா, நான் அப்பவே வேணாம்னு சொன்னேன்" என்று ஆரம்பித்தவன் நிறுத்தவே இல்லை. நாற்காலியில் உட்கார வைத்துத் தலையில் தண்ணீரைத் தெளித்துக் கத்தரியை எடுத்தேன், அப்புறம்தான் அடங்கினான். ரொம்ப ஒட்ட வெட்டிவிட்டேன் என்று இன்னும் கோபமாக இருக்கிறான்.

நீ போனில் சொன்னதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா பார். ஓடையில் கல்லைப் புரட்டினால் அடியில் பூச்சிக் குஞ்சுகள் ஒட்டிக்கொண்டிருக்கும், விதவிதமாக இருந்தால் தண்ணீர் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். கூடப் படிக்கிறவர்கள் பூச்சி எடுத்து வைக்கிற தட்டெல்லாம் நிரம்பியிருக்க, உன் ஓடையில் மட்டும் மாதக்கணக்காகத் தேடியும் ஒன்றுமில்லை. உங்கள் பேராசிரியர் அம்மா "இல்லைன்னா இல்லைன்னு எழுது, ஏன் இல்லைன்னு தேடு" என்றாராம். நீ அதைத் தோல்வி என்கிறாய். எனக்கோ அதைக் கேட்டதிலிருந்து மண்டை குடைகிறது. இல்லாததைக்கூடப் படிப்பாக எழுதலாமா? நிஜமாகவே இல்லையா, உன் கண்ணில் படவில்லையா, அதை எப்படிப் பிரித்துச் சொல்வீர்கள்? முன்பு இருந்து போனதா, எப்போதுமே இல்லையா? தட்டான் ஆகாயத்தில் பறக்கிறது, அதன் குஞ்சு தண்ணீரில் வளர்கிறது என்கிறாய், அப்படியானால் தண்ணீர் கெட்டது தெரியாமல் தட்டான் வந்து முட்டை போடுமா, இல்லை மேலிருந்தே கண்டுபிடித்துவிடுமா? இதையெல்லாம் நான் யாரிடம் கேட்பது, உன் சித்தப்பாவிடமா?

இந்தக் கூத்தையும் கேள். நீ சொன்னதை வைத்துக்கொண்டு நானும் பின்பக்கக் குழாயடியில் கல்லைப் புரட்டினேன். கல்லுக்கடியில் ஒன்றுமில்லை, பக்கத்தில் பழைய வாளியில் தேங்கியிருந்த தண்ணீரில் நூல் மாதிரி ஒன்று நெளிந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. முகம் மழிக்கிற கிண்ணத்தில் பிடித்துப் போட்டு, மேலே கண்ணாடித் துண்டை மூடி, கடை அலமாரியில் வைத்து வருகிறவர் போகிறவருக்கெல்லாம் "எம் பொண்ணு படிக்கறது இதைத்தான்" என்று காட்டினேன். சில நாளில் அதற்குச் சிறகு முளைத்தது. உன் அம்மாவைக் கூப்பிட்டுப் பெருமையாக மூடியைத் திறந்தேன், நேராகப் போய் அவள் கையில் உட்கார்ந்தது. கொசு! ஒரே அடி, அதோடு என் ஆராய்ச்சி முடிந்தது. "பொண்ணு ஓடையைக் காப்பாத்தறா, அப்பன் கொசு வளர்க்கறாரு" என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். அவமானம்தான், ஆனாலும் அது தண்ணீரை விட்டுக் கிளம்பின கணத்தைப் பார்க்காமல் விட்டேனே என்றுதான் எனக்கு ஆற்றாமை.

பாப்பா, நீ வந்தால் எங்களுக்குப் பாரமில்லை, உன் அறையை அம்மா இப்போதே பெருக்கி வைத்துவிட்டாள். ஊர் என்ன பேசும் என்று கவலைப்படாதே, ஊர் தலையைக் குனிவது என் கத்தரிக்கு முன்னால்தான். நீ விட்டுவிட்டால் எனக்கு வருத்தம் இருக்கும், இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் இத்தனை நாள் என் மகள் குனிந்து பார்த்த இடத்தை ஒருமுறைகூடப் பார்க்காமல் சரி என்றோ வேண்டாம் என்றோ சொல்ல எனக்கு மனசு வரவில்லை. சனிக்கிழமை கடையைச் சாத்திவிட்டு நாங்கள் இரண்டு பேரும் பஸ் ஏறுகிறோம். உன்னைக் கூட்டிக்கொண்டு வரப் போவதாக அம்மா நினைத்துக்கொண்டிருக்கிறாள், நினைத்துக்கொள்ளட்டும். நான் வருவது ஓடையைப் பார்க்க. எந்தக் கல்லில் ஆரம்பித்தாய், எதுவரை போனாய், ஒன்றுமில்லாத தண்ணீர் பார்வைக்கு எப்படி இருக்கும், எல்லாம் காட்ட வேண்டும். வழுக்காத செருப்பு எங்களுக்கும் சொல்லி வை. ஈரக்காலோடு தூங்காதே, விரலிடுக்கைத் துடை.

நீ எங்கே இருந்தாலும் தைரியமாக, மனசு தெளிவாக, நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும். மறக்காமல் ஒன்று. திரும்பி வர டிக்கெட் நான் எடுக்கவில்லை. இரண்டா மூன்றா என்பதை ஓடையைக் காட்டி முடித்தபின் நீ சொல். மூன்று என்றால் ஜன்னலோரம் உனக்கு. இரண்டு என்றால், வழி நெடுக உன் அம்மாவை நான் சமாளித்துக்கொள்கிறேன்.

உன் அன்பு அப்பா