கத்தரீனா மாமியின் ஞானப்பிள்ளை

குருநகர்
30.01.1989

அன்பு மகள் றோசுக்கு,

மாதாவின் காவலில் நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், நீயும் மருமகனும் அந்தக் குளிருக்குள் நோய்நொடி இல்லாமல் இருக்க ஒவ்வொரு செபமாலையிலும் உங்களை நினைத்துக்கொள்கிறோம். வள்ளம் இப்போது கரையோரமாகத்தான் போய் வருகிறது, என்றாலும் கறிக்குக் குறைவில்லை. நேற்று நடந்ததை உனக்கு உடனே எழுதவேண்டும் போலிருந்தது.

பின்வீட்டுப் பெட்டை யோசப்பினைக் கலியாணம் செய்வதாக இருந்த பெடியன் ஜெர்மனிக்குப் போய்ச் சத்தமில்லாமல் இருந்துவிட்டான், இங்கே அவளுக்குப் பெண்குழந்தை பிறந்தது. ஞானஸ்நானத்துக்கு ஞானத்தாயாக நிற்க ஒருவரும் வரவில்லை. அவளும் வெட்கத்தில், கிழமை நாளில் பக்கக் கதவால் வந்துவிட்டுப் போகிறேன் என்று கேட்டிருக்கிறாள். சுவாமியார் மறுத்துவிட்டார், ஞாயிறு பூசையில் மற்றப் பிள்ளைகளோடுதான் என்றார்.

உனக்கு நாங்கள் சொன்னதில்லை மகள், உன் கத்தரீனா மாமிக்கும் இளம் வயதில் இதே நிலைமைதான். அந்தக் காலத்துச் சுவாமியார் அவரைப் பூசை முடியும்வரை கோயில் வாசலில் முழங்காலில் இருக்க வைத்தார், பிள்ளைக்கு மணி அடிக்காமலே ஞானஸ்நானம் கொடுத்தார்கள், அது ஒரு வயதுக்கு முன்பே காய்ச்சலில் போய்விட்டது. அடுத்து வந்தவர் முழங்காலில் வைப்பதை நிறுத்தினார், ஆனால் இப்படியானவர்கள் ஞானத்தாயாக நிற்கக்கூடாது என்றார். அதற்கும் பிறகு வந்தவர், ஆணுக்கும் இதில் பங்குண்டு என்று பிரசங்கத்திலேயே சொன்னார், சனம் ஒன்றையொன்று பார்த்தது. மோகபாவம் செய்யாதே என்ற ஆறாம் கட்டளை அப்படியேதான் இருக்கிறது, அதைச் சொல்லி ஆளை அடிப்பதுதான் மெல்ல மெல்லக் குறைந்தது.

யோசப்பினின் கதையைக் கேட்டதும் மாமி என்னையும் கூட்டிக்கொண்டு சுவாமியாரிடம் போனார். கோயில் மூப்பர் நீக்கிலாப்பிள்ளையும் அங்கே இருந்தார். பொல்லாத மனுஷன் இல்லை, என்றாலும் இப்படி விட்டால் பெட்டைகளுக்குப் பயம் போய்விடும் என்று சொல்லி, மாமியின் பழைய கதையையும் எடுத்தார். மாமி சுவாமியாரைப் பார்த்து, "எனக்கு அண்டைக்கு ஒருத்தரும் பக்கத்திலை நிக்கேல்லை சுவாமி. உவளுக்கு நான் நிக்கிறன்" என்றார். சுவாமியார் ஞானஸ்நானப் பதிவுப் புத்தகத்தை எடுத்து விரித்தார். பிறகு, "உங்களை விட்டிட்டு நான் வேறை ஆரைத் தேடுறது, அம்மா" என்றார்.

நேற்று மாமி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கோயில் நடுவால் நடந்து போனார், மணியும் அடித்தது. அருமைநாயகி என்று பெயர். மெழுகுதிரியைக் கொளுத்திக் கொடுத்தது நீக்கிலாப்பிள்ளைதான், மாமியின் முகத்தைப் பார்க்கவில்லை, ஆனாலும் கொடுத்தார். மாமி உயிரோடிருக்கும்போதே இதைக் காட்டிய ஆண்டவருக்கு நன்றி சொல்லி முடியவில்லை, அம்மா இன்னும் அழுதுகொண்டுதான் இருக்கிறா.

உங்கள் மாடியில் ஒரு பெண்பிள்ளை தனியாகக் குழந்தையோடு இருக்கிறது என்று எழுதியிருந்தாய். அதனிடம் ஒன்றும் விசாரிக்காதே, சமைத்ததில் கொஞ்சம் கொண்டுபோய்க் கொடு. வெளியே போகும்போது காதை மூடிக்கொள். மருமகனுக்கும் உனக்கும் தேவ ஆசீர் நிறைவாக இருக்கட்டும்.

மறக்காமல் மாமிக்குத் தனியாக ஒரு கடிதம் போடு. ஞானப்பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று கேள். நேற்றிலிருந்து அவர் எல்லாரிடமிருந்தும் அந்தக் கேள்விக்குத்தான் காத்திருக்கிறார்.

உன் சுகமே கேட்டிருக்கும் அப்பா
செபநாயகம்